கல்பாசி ஆய்ந்த காலம்

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் அப்பத்தா சமையல் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் எனக்கும் ஜாகை அங்கேதான். முகப்புப் பக்கம் நான் போவதில்லை. கடைசிக் கட்டுத் தாழ்வாரமும் அடுப்படியும்தான் என் ராஜ்யம். மளிகைப் பொட்டலங்களைப் பிரித்து, பட்டை, சோம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று தகர டப்பாக்களில் கொட்டி வைப்பது அப்பத்தா எனக்குக் கொடுத்திருந்த உத்தியோகம். மற்றதெல்லாம் சலசலவென்று விழும். கல்பாசி விழுவது காதில் கேட்காது. இரண்டு கையாலும் அள்ளினாலும் கனமே தெரியாது.

“மரப்பட்டை ஒட்டிக்கிட்டிருக்கும், நல்லா ஆஞ்சு வைடா” என்பாள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். மேல்பக்கம் சாம்பல் நிறம், அடிப்பக்கம் கன்னங்கரேல், ஓரமெல்லாம் சுருட்டை சுருட்டையாக மடிந்திருக்கும். அழுத்திப் பிடித்தால் பொடிப்பொடியாக உதிரும். மோந்து பார்த்தால் பெரிதாக ஒரு வாசமும் இருக்காது. எண்ணெய் காய்ந்து, பட்டை பொரிந்து, அதன்பிறகு அப்பத்தா கல்பாசியைக் கிள்ளிப் போட்டதும்தான் அதன் சங்கதி தெரியும். மண்ணும் புகையும் கலந்த மாதிரி ஒரு வாசனை மூன்று கட்டும் கடந்து முகப்பு வரைக்கும் போகும். ஒரு நொடி முந்திப் போட்டால் கருகிக் கசந்துவிடும். அந்தக் கணக்கு அவள் கைக்குத் தெரியும்.

“இது எங்க காய்க்குது அப்பத்தா?”

“காய்க்கிறதுமில்ல, பூக்கிறதுமில்ல. மலையில கல்லுலயும் மரத்துலயும் தானாப் படியும்கிறாக.”

கொடைக்கானல் சோலைக்குள் முதன்முதலாக நடந்தபோது அவள் சொன்னது ஞாபகம் வந்தது. கிளையெங்கும் சாம்பல் பூத்து அடையடையாகப் படிந்திருந்தது. சில மரங்களில் நரைத்த தாடி போலத் தொங்கிக்கொண்டும் இருந்தது. எல்லாம் லைக்கன்கள், கல்பாசியும் அவற்றில் ஒன்றுதான். வேர் கிடையாது, காற்றிலும் மழையிலும் பனியிலும் வருவதைத்தான் உறிஞ்சி வாழவேண்டும். பாறையில் பத்துப்போல ஒட்டி வளர்பவற்றில் பல, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. இலைபோலப் படர்பவை சில மில்லிமீட்டர் வளரும். நான் அலட்சியமாக ஊதிப் பறக்கவிட்ட துணுக்குகள் பல வருஷத்து வளர்ச்சி.

எங்கள் ஊர்ச் சாலையோரப் புளியமரங்களிலும் லைக்கன் இருந்தது. நெடுஞ்சாலைத் துறை எழுதிவைத்த எண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுகள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நகத்தால் சுரண்டியிருக்கிறேன். சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டினார்கள். திட்டுகளும் அவற்றோடு போயின. மரம் தப்பினாலும் புகையில் பல வகை லைக்கன்கள் தங்காது. கெட்ட காற்றை வடிகட்ட அவற்றுக்கு வழியில்லை. பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் லைக்கன்களைக் கவனித்த வில்லியம் நைலாண்டர், காற்றின் தூய்மைக்கு அவை சாட்சி என்று 1866லேயே எழுதிவிட்டார்.

வேதியியல் ஆய்வகத்தில் எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவந்த நீல லிட்மஸ் தாளுக்கும் இதே வம்சம்தான். ரோசெல்லா என்ற லைக்கனிலிருந்து எடுக்கும் சாயம் அது. நம் கிழக்குக் கரையோரத்திலும் அதில் ஒரு வகை வளர்கிறது. ரோசெல்லாவைப் பழைய சாயக்காரர்கள் சிறுநீரில் ஊறப்போட்டு ஊதா நிறம் எடுத்தார்கள். வாத்தியார் அதைச் சொல்லியிருந்தால் லிட்மஸ் தாளை ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

லைக்கன் என்பது தனி ஓர் உயிர் அல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த குடித்தனம் என்று 1860களின் கடைசியில் சொன்னவர் சுவிட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர். பூஞ்சை எஜமான், பாசி அதன் அடிமை என்றார். நைலாண்டர் உள்ளிட்ட பெரிய தலைகள் இதை ஏற்கவில்லை. இப்போது பாடப்புத்தகங்கள் கொஞ்சம் நாசூக்காக, இருவருக்கும் நன்மை என்கின்றன. பூஞ்சை இருக்க இடமும் ஈரமும் தருகிறது. பாசி வெயிலை வாங்கி உணவு சமைத்துப் போடுகிறது.

இதைப் படித்தபோது அந்தக் கடைசிக் கட்டுதான் கண்முன் வந்தது. அப்பத்தாவுக்கு அடுப்படிக்குப் பின்னால் ஓர் அறை, வேளைக்குச் சாப்பாடு, தீபாவளிக்கு ஒரு சேலை. வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளும் குறை சொன்னதில்லை. அடிமை என்று சொன்னால் அப்பத்தா அகப்பையை ஓங்கியிருப்பாள். இருவருக்கும் நன்மை என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

அப்பத்தா போய்ச் சேர்ந்தாள். வீட்டுப் பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்தார்கள். தேக்குத் தூண்களும் ஜாடிகளும் பழம்பொருள் கடைக்குப் போயின. இன்று நெடுஞ்சாலை ஓட்டல்தோறும் செட்டிநாட்டுச் சமையல் என்று பலகை தொங்குகிறது.

லைக்கனுக்கு வைக்கிற அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே சேரும் என்பது தாவரவியலாரின் விதி. பாசிக்குத் தனிப்பெயர் உண்டு, கல்பாசி விற்கிற கடையில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் பாசியைப் பிரித்துவிட்டுப் பூஞ்சையை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்தால், சுருட்டை ஓரமும் இல்லை, இலை வடிவமும் இல்லை. உருவமற்ற சிறு கட்டியாகத்தான் அது வளர்கிறது. அந்த வீட்டுச் சாப்பாடு அந்த வீட்டுச் சாப்பாடாக இருந்ததும் அப்பத்தா இருந்த வரைக்கும்தான்.