பூட்டு எங்கே?

என் மகள் தன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறாள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிவைத்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. சென்ற மாதம் திடீரென வைஃபை நின்றுவிட்டது. கல்லூரிப் பாடமெல்லாம் அதில்தான்.

"இலவசமாக வந்தது இப்படித்தான் இருக்கும்" என்று அவளை ஏசினேன். பட்டணத்துக் கடைக்காரர், "வைஃபை அட்டை போய்விட்டது, மாற்ற 150 வெள்ளி" என்றார். பால்மரம் சீவி என் மனைவி சேர்த்த காசை எடுத்து வைத்தேன்.

"பொறுங்கப்பா" என்றாள் மகள். 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டினாள். பட்டியலில் அட்டையின் பெயர் வந்தது. "அட்டை உயிரோடுதான் இருக்கு."

அடுத்து 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'. மென்பொருள் பூட்டு திறந்திருந்தது. வன்பொருள் பூட்டு மூடியிருந்தது. முன்னதைக் கட்டளை கொடுத்தே திறக்கலாமாம். பின்னதைக் கையால்தான் திறக்க வேண்டுமாம். கணினியின் ஓரத்தைத் தடவினாள். நகத்தளவு விசை ஒன்று! தள்ளியதும் வைஃபை வந்தது.

முதல் நாள் துணியால் அழுத்தித் துடைத்தவன் நான்தான். காசு மிச்சம், ஏசிய வார்த்தையைத்தான் திரும்ப எடுக்க முடியவில்லை.

பெற்றோர்களே, பிள்ளையை ஏசுமுன் பூட்டு எங்கே என்று பாருங்கள்.