மாமாவின் குழாயும் கிடார் பெட்டியும்



எங்க மாமா மைக்செட் வெச்சிருக்கார். போன மாட்டுப்பொங்கலுக்குக் காஞ்சிபுரம் வரதர் பழையசீவரம் வந்து, பாலாற்றைத் தாண்டி நம்ம திருமுக்கூடலுக்கு எழுந்தருளினாரே, அன்னைக்கு எங்க தெருவுல குழாய் கட்டியிருந்தார். அவர் சாப்பிடப் போன நேரம், ஆத்துக்கு அந்தப் பக்கமும் கேக்கட்டுமேன்னு நான் வால்யூமை முழுசா திருப்பிட்டேன். பாட்டு கரகரன்னு கிழிஞ்சது. கொஞ்ச நேரத்துல குழாய் ஊமையாயிடுச்சு. உள்ளே யூனிட் காயில் எரிஞ்சுபோச்சு. மாமா திட்டவே இல்லை. "இனிமே பெட்டிகிட்ட வராதே" என்றார். திட்டியிருந்தாலே தேவலை.

ஏன் எரிஞ்சதுன்னு புரிஞ்சது ஒரு கிடாரால். மாமாவுக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறார். அவர்கிட்ட 'ஃபஸ் பெடல்' என்று ஒரு பெட்டி. காலால் அமுக்கினால் கிடார் அப்படியே எங்க குழாய் மாதிரி கிழியுது! இதைக் காசு கொடுத்து வாங்குறாங்களாம். 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றில், பதிவுக் கருவி பழுதாகி கிடார் சத்தம் கிழிந்துவிட்டது. அது பிடித்துப்போய், 1962-ல் அந்தச் சத்தத்துக்கென்றே 'மேஸ்ட்ரோ' பெட்டி விற்பனைக்கு வந்தது.

நானும் ஒண்ணு செய்தேன். ஒரு பிசி 548 டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம், 1 மெகா ஓம் என இரண்டு மின்தடைகள், உள்ளே வரவும் வெளியே போகவும் ஒவ்வொரு மின்தேக்கி. பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் படிக்கிற பொது உமிழ்ப்பான் பெருக்கிதான். முதல் நாள் கொசு மாதிரி முனகிச்சு. வேற டிரான்சிஸ்டருக்கான படத்தைப் பார்த்து ஏற்பானையும் உமிழ்ப்பானையும் மாத்திப் பத்த வெச்சிருந்தேன். பிசி 548-ல் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருந்தால், இடமிருந்து ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான். செய்யப்போறவங்க இதை மட்டும் எழுதி வெச்சுக்கோங்க.

திருப்பிப் போட்டதும் கிழிஞ்சது பாருங்க!

கிடாரிலிருந்து வருவது ஏறக்குறைய 0.1 வோல்ட். டிரான்சிஸ்டர் அதை ஐம்பது, நூறு மடங்கு பெருக்கப் பார்க்கும். ஆனா பேட்டரியே 9 வோல்ட்தான். அதுக்கு மேலே போக முடியாது, பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்க முடியாது. தாழ்வான தாழ்வாரத்துல ஸ்கிப்பிங் ஆடினா தலை இடிக்குமில்ல, அப்படி வளைவான அலையின் தலையும் காலும் தட்டையாயிடும். அப்போ சுரத்தோட அதிர்வெண்ணுக்கு 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களும் புதுசா சேரும். காதுக்கு அதுதான் கரகரப்பு. கம்பி ஓயும்போதுகூட தட்டைத் தலை அதே உயரத்துல நிக்கும். அதனால சுரம் இழுத்துக்கிட்டே போகும்.

மாமாவோட ஆம்ப்ளிஃபயர்லயும் இதேதான் நடந்திருக்கு. அதே உயரமுள்ள வளைவான அலையைவிட தட்டையான அலை இரண்டு மடங்கு வரை சூடு கொடுக்கும். என் பெட்டியில் அது துளியூண்டு மின்சாரம். குழாயிலோ காயிலே கருகிடும்.

படம் போட்டு மாமாகிட்ட காட்டினேன். பார்த்துட்டு, "இதைத்தானேடா நாங்க கிழியுது, குறைன்னு சொல்றோம்" என்றார். என் பொங்கல் காசை யூனிட்டுக்குன்னு நீட்டினேன், வாங்கலை. அக்காவோட சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து வால்யூம் திருகு பக்கத்துல ஒரு கோடு போட்டார்.

வர்ற மாட்டுப்பொங்கலுக்குப் பெட்டி பக்கத்துல நான்தான் உட்காரணுமாம். கோட்டைத் தாண்டக் கூடாது.

– 11-ஆம் வகுப்பு மாணவன்