புளித்துப்போன திராட்சை இரசம்

பங்கு மாற்றம் பெற்று ஏற்காட்டு மலைக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு ஜூன் மாதத்தில். துணிமணிகள், புத்தகங்கள், இரண்டு மரப்பெட்டிகள் ஆகியவற்றோடு, பழைய பங்கில் திறந்து பாதி பயன்படுத்தியிருந்த திராட்சை இரசப் புட்டி ஒன்றும் உடன் வந்தது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்த அந்தப் புட்டியை அடுத்த மூன்று வாரங்கள் நாள்தோறும் திருப்பலியில் பயன்படுத்தினேன். கடைசிச் சொட்டு வரை அது கெடவில்லை. கீழே சமவெளியில், திறந்த பத்தாம் நாளே மூக்கிற்கு எட்டிவிடும் அந்தப் புளிப்பு வாடை இங்கே வரவே இல்லை. இரசம் அதே இரசம், புட்டியும் அதே புட்டி. மாறியது காற்றும் குளிரும் மட்டுமே.

இந்தச் சிறிய செய்தி எனக்கு ஏன் பெரிதாகப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆண்டு மே முதல் நாளுக்குப் போக வேண்டும். அன்று தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழா. என் பழைய பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் அவர் பெயரால் ஓடு வேய்ந்த சிற்றாலயம் உண்டு. காலைத் திருப்பலியில் காணிக்கைப் பாடல் ஒலித்துக்கொண்டிருந்தது. குப்பியிலிருந்து கிண்ணத்தில் இரசத்தை வார்த்தபோதே தெரிந்துவிட்டது. அது இரசமன்று, காடி. ஐயத்திற்கே இடமில்லை. குருத்து ஞாயிறன்று திறந்த புட்டியை, மூடியைச் சரியாகத் திருகாமல், அந்தச் சூடேறிய கூரையின்கீழ் அலமாரியில் வைத்துவிட்டுப் போனவன் நானே. இடையில் பாஸ்கா வேலைகளில் அதை அடியோடு மறந்துபோனேன்.

திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து பெறப்பட்டதாகவும், இயற்கையானதாகவும், கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டுமென்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் எண் விதிக்கிறது. குருமடத்தில் இதை மனப்பாடமாகவே ஒப்பித்திருக்கிறேன். ஆகவே திருப்பலியை அந்த இடத்திலேயே நிறுத்தி, மக்களிடம் உண்மையைச் சொல்லி, பங்குக் கோயிலிலிருந்து புதிய புட்டி எடுத்துவர இளைஞர் ஒருவரை டி.வி.எஸ். வண்டியில் அனுப்பினேன். பதினோரு கிலோமீட்டர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அலமாரிச் சாவி என் அங்கியின் பையில் இருப்பது எனக்கு நினைவுக்கு வந்தது. பிள்ளை வெறுங்கையோடு திரும்பி, சாவியை வாங்கிக்கொண்டு, மீண்டும் போய் வந்தான். அந்த வெயிலில் மக்கள் ஒன்றரை மணி நேரம் செபமாலை சொல்லியும் பாடியும் காத்திருந்தார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது.

எல்லாம் முடிந்தபின் வாசற்படியில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: "ஏஞ் சாமி, புளிச்சா என்னங்க? பழைய சோறும் புளிச்சதுதானே? அதத் தின்னுதானே நாங்கள்லாம் வளந்தோம்?"

"சட்டம் அப்படிப் பாட்டி" என்றேன்.

"சட்டமா? சரிங்க சாமி" என்றார். அந்தச் "சரிங்க"வில் மரியாதை இருந்தது, நிறைவு இல்லை. குழந்தைக்கும் சொல்லத்தக்க ஒரு விடையைச் சட்டத்தின் பின்னால் ஒளித்துவைத்துவிட்டோமே என்ற உறுத்தல், மலையேறி வந்த பின்னும் என்னோடு இருந்தது.

இதைப் பற்றி எழுதத் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் பணிபுரிவது சேலம் மாவட்டம். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது இங்கேதான். மதுவால் சீரழிந்த குடும்பங்களின் கண்ணீரை வாரந்தோறும் கேட்கும் குருவானவன், மதுவின் சுவையைப் பற்றி எழுதுவது முறையா என்று சிலர் கேட்கலாம். நான் எழுதுவது போதையைப் பற்றியன்று. மழையையும் வெயிலையும் பற்றி.

பாட்டியின் கேள்விக்கு வருவோம். பழைய சோற்றில் புளிப்பு ஏறினாலும் சோறு சோறாகவே இருக்கிறது. இரசத்தில் நடப்பது வேறு. காற்றுப் புகுந்ததும் ஒருவகை நுண்ணுயிர் அதிலுள்ள சாராயத்தையே உண்டு அமிலமாக மாற்றிவிடுகிறது. இரசத்தை இரசமாக்கிய பொருளே இல்லாமற் போகிறது. காடி என்பது வயதான இரசமன்று, வேறொரு பொருள். குருமடத்துத் தத்துவ வகுப்பில் உட்பொருளென்றும் புறத்தன்மையென்றும் பிரித்துப் படித்தது இதைத்தான். அந்த நுண்ணுயிருக்கு உகந்தது முப்பது பாகையை ஒட்டிய வெப்பம். ஏற்காட்டுக் குளிரில் அது மந்தமாகிச் சோம்பிக் கிடக்கிறது. என் புட்டி மூன்று வாரம் தாங்கியதன் மறைபொருள் இவ்வளவே.

இது இன்று நேற்று வந்த சிக்கலுமன்று. யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் அருந்தும் செய்தி புறநானூற்றில் வருகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் அந்த மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அத்தகைய சாடிகளின் உட்புறத்தில் பிசின் பூசுவார்கள். கோஸ் தீவினர் தம் இரசத்தில் கடல்நீரையே கலந்தார்கள் என்று பண்டை நூல்கள் கூறுகின்றன. இவையெல்லாம் வழியிலேயே இரசம் காடியாகிவிடாதிருக்கச் செய்த முயற்சிகளே.

ஆனால் வெப்பம் எப்போதும் பகையன்று. மதெய்ரா தீவிலிருந்து கப்பலின் அடித்தளத்தில் பீப்பாய்களாக ஏற்றப்பட்ட இரசம் வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து, விற்காமல் ஊர் திரும்பியபோது, புறப்பட்டதைவிட நல்ல சுவையோடு இருந்ததாம். அதன்பின் சுவைக்காகவே பீப்பாய்களைக் கடலில் சுற்றி வரச் செய்தார்கள். பிறகு கப்பற்செலவை மிச்சப்படுத்தித் தீவிலேயே சூடேற்றும் அறைகள் கட்டிக்கொண்டார்கள். திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவூட்டியிருந்தமையால் காடியாக்கும் நுண்ணுயிர் அதில் பிழைக்க முடியவில்லை. திருப்பலி இரசத்திலும், கெடாமல் காப்பதற்காக, திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தை, மொத்த அளவு 18 விழுக்காட்டைத் தாண்டாதவாறு சேர்க்கலாமென்று திருப்பீடம் 1896இல் இசைவளித்தது. நான் கெடுத்த புட்டி அப்படி வலுவூட்டப்பட்டதன்று.

நமக்கு அருகே பெங்களூரில் இன்னொரு சான்று. அங்குள்ள அம்ருத் நிறுவனத்தார் 2004இல் தம் விஸ்கியை ஸ்காட்லாந்திற்கே கொண்டுபோய் அறிமுகப்படுத்தினார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரிலோ 10 முதல் 12 விழுக்காடு வரை. வெப்பத்தில் சாராயம் விரிந்து மரத்துள் புகுந்து மீள்வதால், அங்கே பல்லாண்டு எடுக்கும் முதிர்ச்சி இங்கே நான்கைந்து ஆண்டுகளில் வந்துவிடுகிறது. ஆவியாகும் பங்கை "வானதூதரின் பங்கு" என்கிறார்கள். நம் நாட்டுக்குப் பொறுப்பான வானதூதர்கள் சற்றுத் தாராளமானவர்கள் போலும்!

புட்டியை விட்டுக் கொடிக்கு வருவோம். காய் பழுக்கும்போது வெயில் சர்க்கரையைக் கூட்டுகிறது. அதே வெயில், ஆப்பிளில் உள்ள புளிப்பை ஒத்த மாலிக் அமிலத்தை எரித்துவிடுகிறது. இரவு குளிர்ந்தால் புளிப்பும் நிறமும் தங்கும். இரவும் புழுங்கினால் இனிப்பு மிஞ்சி, சுவை தட்டையாகும். விவிலிய நாட்டில் இதற்கெல்லாம் ஒழுங்கான காலம் இருந்தது. முன்மாரியும் பின்மாரியும் பெய்து, கோடை வறண்டு, கனி பழுத்து, பின் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். எண்ணிக்கை நூலில் ஒற்றர்கள் கானானுக்குப் புறப்பட்ட காலத்தைக் குறிக்க, ஆசிரியர் முதல் திராட்சை பழுக்கும் பருவமென்று சொன்னாலே போதுமாயிருந்தது.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் பன்னீர்த் திராட்சை பழுத்துக்கொண்டிருக்கும். 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் இதனைக் கொண்டுவந்தார் என்பது அப்பகுதியில் வழங்கும் செய்தி. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. என்னோடு குருமடத்தில் பயின்ற நண்பர் அங்கே பணியாற்றியபோது, ஒரு தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். பந்தலின்கீழ் நின்றவர்கள் கொடியை மொட்டையாக்கிக்கொண்டிருந்தார்கள். பசுமையான கொடியை ஏன் இப்படி வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"வெட்டலேன்னா இது காய்க்காதுங்க சாமி. இலையும் கொடியுமா ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார் விவசாயி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இங்கே குளிர்காலம் வருவதில்லை. ஆகவே கொடி தானாக உறங்குவதில்லை. குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையைக் கவாத்துக் கத்தி செய்கிறது. கவாத்து முடிந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் கனி. எந்த மாதம் கத்தி வைக்கிறார்களோ, அதற்கேற்ப அறுவடை பனிக்காலத்தின் குளிர்ந்த இரவுகளிலோ, சித்திரை வெயிலிலோ, ஐப்பசி மழையிலோ விழும். அதற்கேற்பச் சுவையும் மாறும். பருவத்தையே மனிதன் தேர்ந்துகொள்கிறான். கிளைகளைக் கழித்துவிடும் தோட்டக்காரரைப் பற்றி யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தை வைத்து எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அந்தக் கத்தி கொடிக்கு ஓய்வும் தருகிறது என்பதை ஒருமுறையேனும் சொன்னதில்லை.

நண்பர் தந்த பன்னீர்க் கொடிக் குச்சி ஒன்றைப் பங்கு இல்லத்தின் தெற்குச் சுவரோரம் நட்டேன். ஏற்காட்டில் ஆரஞ்சும் பேரிக்காயும் பலாவும் விளையும். 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பியோ மலையையே தனதாக்கிக்கொண்டது. திராட்சைக்கு மட்டும் இந்த மலை அவ்வளவு இணங்குவதில்லை. கோடைமழையில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரை இலைகள் காய நேரமே இராது. மூன்றாம் ஆண்டு முதல் குலைகள் வந்தபோது மழைக்காலம். அடிச்சாம்பல் நோய் பற்றி எல்லாம் கருகி உதிர்ந்தன. கோயில்பிள்ளை, "காப்பிதான் சாமி நம்ம மண்ணுக்கு" என்று தேற்றினார்.

அவர் இளமையில் காப்பித் தோட்டத்தில் உழைத்தவர். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல பூமழை பெய்தால் செடிகளெல்லாம் ஒன்றாகப் பூத்து, காய்களும் ஏறக்குறைய ஒன்றாகப் பழுக்கும். அது தவறி, மழை துண்டுதுண்டாக வந்தால், ஒரே கிளையில் பச்சையும் சிவப்பும் கறுப்புமாகக் காய்கள் தொங்கும். பறிப்பவர் பலமுறை ஏறியிறங்க வேண்டும். களத்தில் உலர்த்தும்போது மழை பிடித்தால் கோப்பையில் பூஞ்சணச் சுவை வந்துவிடும். ஒரு காப்பியைக் குடித்துவிட்டே, "இது களத்துல நனைஞ்சது" என்று அவர் சொல்லுவார். சில ஆண்டுகளாக இப்படி நனைவது அதிகரித்துவிட்டது என்பது அவருடைய குறை. பிரான்சின் போன் நகரத்திலும் இதே குறைதான், ஆனால் எழுத்தில். திராட்சை பறித்தவர்களுக்குக் கூலி கொடுத்த கணக்குகள் முதலியவற்றைக் கொண்டு, 1354 முதல் 2018 வரையிலான அறுவடை நாட்களை ஆய்வாளர்கள் 2019இல் தொகுத்து வெளியிட்டார்கள். 1988க்குப் பின் அறுவடை, முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாட்கள் முந்திவிட்டது. கூலிக் கணக்கு எழுதியவர் அறியாமலே வானிலையையும் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு, கம்பத்து நண்பரின் ஆலோசனைப்படி, அக்டோபர் இறுதியில் நானே கத்தியெடுத்துக் கொடியைக் கழித்தேன். கை நடுங்கியது உண்மை. குளிரில் கனி மிக மெதுவாகவே முதிர்ந்தது. கம்பத்தில் நான்கு மாதம் என்றால் இங்கே ஐந்தும் தாண்டியது. வறண்ட மார்ச் மாத இறுதியில் பதினோரு குலைகள். தோல் ஏறத்தாழக் கறுப்பு. மணம் அறையை நிறைத்தது. புளிப்போ கண்ணைச் சுருக்கியது.

ஏப்ரலில் ஒரு திருமணத்திற்காகப் பழைய பங்கிற்குப் போக நேர்ந்தது. அங்கே இப்போதுள்ள குருவானவர், திறந்த புட்டியைத் தண்ணீர்ப் பானையின்கீழ் ஈரமணலில் கழுத்தளவு புதைத்து வைத்திருந்தார். கிராமத்துப் பெண்கள் சொல்லிக்கொடுத்த முறையாம். நான் இருந்தபோது அவர்களைக் கேட்கத்தான் தோன்றவில்லை.

சூசையப்பர் கோயில் வாசற்படியில் அதே பாட்டி இருந்தார். கொண்டுபோயிருந்த குலையை அவர் கையில் கொடுத்து, பழைய சோற்றுக்கும் காடிக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ஒரு பழத்தை வாயிலிட்டார். முகத்தைச் சுளித்தார்.

"புளிக்குதே சாமி. இத உங்க சட்டம் ஒத்துக்குமா?"

இது கெட்ட புளிப்பன்று, குளிரில் பழுத்த புளிப்பு என்றேன். தலையசைத்துக்கொண்டே மீதிப் பழங்களையும் ஒவ்வொன்றாகத் தின்று முடித்தவர், கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுக் கிணற்றடியில் போட்டுப் பார்க்கப் போகிறாராம்.