கடலை நோக்கி ஒரு மிதிவண்டிப் பயணம்

உத்திரமேரூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஏரி நன்கு தெரியும். கடலையோ பேருந்துச் சாளரத்தின் வழியாகத்தான் தெரியும். நேர்க்கோட்டில் அளந்தால் எங்கள் ஊருக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். ஆயினும், அத்தொலைவைத் தம் கால்களின் வலிமையால் கடந்தவர் எம் துறையில் ஒருவரும் இலர். மூன்றாமாண்டு மாணவர் சிலர் ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, திணைகளை நூலில் படித்துவிட்டோம், மருதத்திலிருந்து நெய்தல் வரை மிதிவண்டியிலேயே சென்று பார்க்கலாமா?" என்று கேட்டனர். கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒன்பது மாணவரும் ஐந்து மாணவியரும் பெயர் கொடுத்தனர். வழியை வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

வரைபடத்தை மேசைமேல் விரித்ததும் முதலில் என் கண்ணிற்பட்டவை சாலைகள் அல்ல, ஏரிகளே. எங்கள் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கண்ணுக்குத் தெரியாத மென்சரிவில் இறங்குகிறது. ஓர் ஏரி நிறைந்தால் அதன் உபரிநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். நம் முன்னோர் இச்சரிவை அளவுகருவியின்றி அறிந்து, ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்து வைத்தனர். நீர் செல்லும் திசையிலேயே நாமும் சென்றால், பழக்கமில்லாத கால்களுக்கும் வழி கடினமாக இராது.

புறப்படும் இடத்தைப் பற்றி ஐயமே எழவில்லை. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921 என்பர். குடவோலை முறையை உலகுக்கு அறிவித்தவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் அம்முறையில், ஏரி வாரியத்துக்கு அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியவர் அல்லர். நீரைக் காக்கும் பொறுப்புக்கு எத்தகையோர் வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விதி வகுத்த ஊரிலிருந்து, அந்நீர் செல்லும் திசையில் பயணத்தைத் தொடங்குவதே முறையன்றோ?

அடுத்த இடம் வேடந்தாங்கல். அங்குள்ள ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பதை உழவர் தம் அனுபவத்தால் அறிந்தவர். ஆகவே பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டுமென அவ்வூரார் ஆட்சியாளரிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் அதற்கு உறுதிச்சீட்டும் பெற்றனர். 2022இல் வேடந்தாங்கலும் அதன் அண்டையிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன. வேடந்தாங்கலுக்குப் பின் மதுராந்தகம். அங்கே பெரிய ஏரியும், ஏரி காத்த இராமர் கோயிலும். அங்கிருந்து பவுஞ்சூர் வழியாகக் கூவத்தூர்; அதற்கப்பால் கடல். இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வேடந்தாங்கல், மதுராந்தகம், கூவத்தூர் ஆகியவை 2019 நவம்பரில் தோன்றிய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தவை. ஆட்சியெல்லை மாறினாலும் நீரின் வழி மாறவில்லை.

வழி அமைந்தபின் பருவத்தைப் பற்றிய சிக்கல் எழுந்தது. திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்தது தமிழ்: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். தேர்வுக்காக மனப்பாடம் செய்த இப்பெயர்கள் இப்போதுதான் எங்களுக்குப் பயன்பட்டன. ஆனி, ஆடியில் புறப்பட்டால் மேல்காற்று முதுகைத் தள்ளும். ஆனால் வேடந்தாங்கலில் பறவைக் கூட்டம் இராது. தை மாதத்தில் பறவைகள் நிறைந்திருக்கும். ஆனால் வடகிழக்குக் காற்று முகத்தில் மோதும். அதனோடு, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் கிழக்கு நோக்கி மிதிப்பவர் பாடு திண்டாட்டமே. பறவையா, காற்றா என்று நெடுநேரம் வாதிட்டோம். முடிவில் பறவையே வென்றது. காற்றுக்கு விடையாக, விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்குள் மிதிப்பதை நிறுத்திக்கொள்வது என்று உறுதி செய்தோம்.

ஒரே நாளில் 60 கிலோமீட்டர் என்பதுதான் எங்கள் முதல் திட்டம். மாணவர் அதனை எளிதென்றனர். அப்போது ஒரு மாணவியின் தந்தை என்னைக் காண வந்தார். கூலி வேலை செய்பவர். மிகுந்த மரியாதையுடன் நின்றவாறே பேசினார். "ஐயா, போவது நல்லதுதான். பாதி வழியில் என் மகளால் முடியாமற் போனால் அவளை என்ன செய்வீர்கள்? இரவு தங்க நேர்ந்தால் நான் அனுப்ப இயலாது" என்றார். அவர் மகளின் மிதிவண்டி, மேல்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அரசு விலையின்றி வழங்கியது. அவள் நாள்தோறும் அதில்தான் பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறாள். அது திங்கட்கிழமை காலையில் வீட்டில் இல்லையேல் அவளது கல்லூரிப் படிப்பு அன்று நின்றுவிடும்.

"விருப்பமுள்ளவர் மட்டும் வரட்டும்" என்று ஒரு மாணவர் சொன்னார். அதற்கு அப்பெண்ணைத் தவிர மற்ற மாணவியர் நால்வரும் பெயரைத் திரும்பப் பெற அணியமாயினர். பயணம் ஆண்பிள்ளைகளின் உல்லாசமாகச் சுருங்கிப்போகும் நிலை நேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகச் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி கற்ற வரலாற்றை அன்று வகுப்பில் எடுத்துரைத்தேன். தண்ணீர்க்குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாமே வேண்டிய இடத்துக்குச் சென்று திரும்பும் உரிமையை அப்பெண்களுக்கு அந்த இரு சக்கரங்கள் அளித்தன. அவ்வுரிமையை ஒருத்தி தன் வீட்டிலேயே பெற்றிருக்கிறாள். எங்கள் அவசரத்தால் அவள் பின்தங்கலாகாது.

திட்டத்தை மறுபடியும் எழுதினோம். பயணம் இரு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரிந்தது. முதல் ஞாயிறு வேடந்தாங்கல் கண்டு மதுராந்தகம் வரை. அடுத்த ஞாயிறு மதுராந்தகத்திலிருந்து கடல்வரை. இரு நாட்களும் மாலைக்குள் அனைவரும் வீடு திரும்புவர். மிதிவண்டிகளை ஏற்றிவர ஒரு சரக்கு வண்டி உடன் வரும். இயலாதவரின் வண்டி அதில் ஏறும். அவருக்கும் உடன்வரும் ஓர் ஆசிரியைக்கும் அவ்வண்டியின் முன்னிருக்கை. இச்செலவை அனைவரும் சமமாகப் பகிர்வது என்று முடிவாயிற்று. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை வரை மிதிக்க வேண்டுமென்ற ஆசையைக் கைவிட்டோம். கூவத்தூரிலிருந்து அங்குச் செல்லக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலாற்றைக் கடந்து வடக்கே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சாலையில் பாயும் ஊர்திகளுக்கிடையே பதினான்கு மிதிவண்டிகளை நடத்திச் செல்வது அறிவுடைமையாகாது. அச்சாலையை இறங்கி, வண்டியைத் தள்ளிக் குறுக்கே கடப்பதோடு சரி. கோட்டையைத் திரும்பும் வழியில் வேனிலிருந்து இறங்கிக் காண்போம்.

எஞ்சியவை சிறு விதிகள். முதல்நாள் மாலையிலேயே காற்றடித்து, பிரேக் கட்டையையும் செயினையும் பார்த்துவிட வேண்டும். குழுவுக்கு இரண்டு கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் பசை, மாற்று டியூப். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் புளிச்சோறு. ஒருவர்பின் ஒருவராகச் செல்ல வேண்டும். ஒவ்வோர் ஏரிக்கரையிலும் நின்று ஆள் எண்ண வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையான விதி இது: முன்னே செல்பவர் தம் விருப்பப்படி மிதிக்கலாகாது, மெதுவாக வருபவரே குழுவின் வேகத்தை வகுப்பார்.

திருத்திய தாளை அத்தந்தையிடம் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு நேரத்தையும் விரல்விட்டு எண்ணியபடி கேட்டார். "திங்கட்கிழமை காலையில் வண்டி வீட்டில் இருக்கும் அல்லவா?" என்றார். "ஞாயிறு மாலையே இருக்கும்" என்றேன். ஒப்பமிட்டார். மற்ற நான்கு பெயர்களும் தாளில் மீண்டும் ஏறின.

மிதமான பயணம் என்றால் குறைந்த தொலைவு என்று எண்ணியிருந்தேன். வந்தவர் அனைவரும் சேர்ந்து சென்று, சேர்ந்து திரும்பத் தகும் அளவே மிதம் என்பதை இத்திட்டம் எனக்குக் கற்பித்தது. வயலின் ஈரம் குறைந்து மணலும் சவுக்கும் தோன்றும் இடத்தில், நெல்வாசம் உப்புக்காற்றாக மாறும் எல்லையை அப்பதினால்வரும் ஒருசேரக் கடப்பர். திணை மயக்கம் என்று நூல் கூறுவதை அவர்கள் மூச்சுக்காற்றே அன்று உணர்த்தும். அதற்குரிய தை ஞாயிறுகள் இரண்டும் நாட்காட்டியில் குறிக்கப்பட்டுவிட்டன.