முதல் மரத்துக்கு வந்தாச்சு

வாரத்தில் ஐந்து நாள் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, "நேயர்களே, தினமும் கொஞ்சம் நடங்கள்" என்று சொல்கிறவள் நான். சொல்லிவிட்டு மின்தூக்கியில் இறங்கி நேராகக் காருக்குப் போய்விடுவேன். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்ட பிறகுதான் அந்த அறிவுரை என் காதிலும் விழுந்தது.

அந்த வாரம் இங்கிலாந்தில் வேலை செய்யும் பல்கலைக்கழகத் தோழி சில படங்களை அனுப்பினாள். லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளில், பீச் மரக்காடுகளுக்குள் நாள் முழுக்க நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறாள். போன வழியில் திரும்பாத வட்ட நடை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் என்று நமக்குத் தெரியும். நம்ம ஊரில் அப்படி ஒன்று நடந்தால் என்ன? சுங்கைப் பட்டாணியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குனோங் ஜெராய் நிற்கிறது. 1,217 மீட்டர் உயரம். அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவர்களுக்குக் கரை காட்டிய மலை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அதன் காட்டுக்குள் ஒரு நாளும் நடந்ததில்லை.

அலுவலக நண்பர்கள் இருவர், உரிமம் பெற்ற மலாய்க்கார வழிகாட்டி ஒருவர், நான். உச்சிக்கு ஏறுவதில்லை, மெர்போக் பக்கத்து அடிவாரக் காட்டைச் சுற்றி வருவதுதான் திட்டம். வனத்துறை அனுமதியும் வாங்கியாகிவிட்டது. முதல் நாள் இரவு அப்பா கேட்டார்: "நானும் வரட்டுமா ம்மா?"

அவருக்கு 69 வயது. முட்டி வலி வேறு. "தூரம்பா" என்றேன். "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்கு முன்னால் சப்பாத்து போட்டு வாசலில் நின்றார்.

ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரத்திலேயே என் மூச்சு வாங்கியது. அப்பா ஒரே சீராக நடந்தார். அட்டை ஏறினால் பிடித்து இழுக்கக் கூடாது, நகத்தால் மெல்லத் தள்ள வேண்டும் என்று என் நண்பர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்.

மதியத்துக்கு முன் ஓர் ஓடையை அடைந்தோம். அதைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் கார். பத்தடி அகலம், கணுக்கால் தண்ணீர். நண்பர் காலை வைக்கப் போனார். "நில்லு தம்பி" என்றார் அப்பா.

"என்னங்க ஐயா, வெயில்தானே அடிக்குது?"

"இங்க வெயில். மேல பாரு." உச்சி கறுத்திருந்தது. "தண்ணி இப்பதான் கலங்குது. பச்ச இலை ஒடிஞ்சி வருது. மேல மழை புடிச்சிருச்சி."

வழிகாட்டி குனிந்து நீரைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு மணி நேரம் கூடுதலாகும் மேட்டு வழியில் திரும்பினோம். நண்பர் முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

இருபது நிமிடம் இருக்கும். லாரி வருவதுபோல ஒரு சத்தம். மேட்டிலிருந்து எட்டிப் பார்த்தோம். நாங்கள் கால் வைக்கவிருந்த கற்கள் ஒன்றுமே தெரியவில்லை. செந்நிறத் தண்ணீரில் ஒரு முழு மரம் உருண்டு போனது. கெப்பாலா ஆயர். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி இதே மலையில் பெய்த கனமழை, யானிலும் மெர்போக்கிலும் உயிர்களைக் கொண்டுபோனது. அந்தச் செய்தியை வாசித்தவள்தான் நான்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சது?"

"மழைன்னா பால் வெட்ட முடியாது. மரப்பட்டை நனைஞ்சா பால் கோட்ட விட்டு வழிஞ்சிரும், மங்குல தண்ணி சேர்ந்துரும். அன்னிக்குக் கூலி இல்ல. வானத்தப் பார்க்காம எப்படி ம்மா இருக்கிறது?"

திரும்பும் வழி சிறுதோட்டக்காரர்களின் ரப்பர் மரங்களுக்கிடையே போனது. ஒரு மரத்தின் பழைய வெட்டுத் தழும்பைத் தடவினார். "நல்ல கை" என்றார். நான் கேட்காமலே சொன்னார். விடியுமுன், குளிரில்தான் பால் நன்றாக ஓடும். சுமார் ஐந்நூறு மரம். வெட்டிக்கொண்டே நிரை நிரையாய்ப் போய் முடித்து, பசியாறிவிட்டு, மறுபடி முதல் மரத்திலிருந்து பால் எடுக்க வேண்டும். தினமும் இரண்டு சுற்று. முப்பது வருஷம்.

எத்தனை கிலோமீட்டர் இருக்கும் என்று கேட்டேன். சிரித்தார். "யாரு அளந்தா?"

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று எழுதினேன். தோட்டம் கைமாறி, செம்பனை வந்து, அப்பா காவல் வேலைக்குப் போன காலம் அது. பிறகு வானொலியில் 'நான் தோட்டத்துப் பிள்ளை' என்று பெருமையாகப் பேசியிருக்கிறேன். ஆனால் அவர் எவ்வளவு நடந்தார் என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான்கு மணிக்கு பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தோம். சண்டி புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கருங்கல் மேடைக்கு அருகே உட்கார்ந்தோம். 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த இடம். 1960 வாக்கில் மீண்டும் அடுக்கி நிறுத்தியது. நம் பள்ளிப் பாடத்தில் வந்த கடாரம் இந்த வட்டாரம்தான். 1025-இல் படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் பெயர் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கல்லைச் சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை.

நீங்களும் போவதாக இருந்தால் விடியலில் புறப்படுங்கள், வழிகாட்டியோடு போங்கள், பிற்பகல் மழைக்கு முன் ஓடைகளைத் தாண்டிவிடுங்கள். வீட்டில் ஒரு பெரியவர் "நானும் வரட்டுமா" என்று கேட்டால், "தூரம்" என்று சொல்லாதீர்கள்.

காரை அடைந்ததும் அப்பா பானெட்டைத் தட்டினார்.

"முதல் மரத்துக்கு வந்தாச்சு ம்மா. பால் எடுக்கலாமா?"