மலை ஏறும் சில்லறைக் கணக்கு

முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி போடிமெட்டுக்கு ஏறியிருக்கிறீர்களா? 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முக்கி முனகி ஏறும். வளைவு வந்ததும் டிரைவர் கியரைக் குறைப்பார். எஞ்சின் கத்தும், வண்டி ஊரும். ஆனால், ஏறிவிடும்!

கியரைக் குறைத்ததும் அந்தக் கூடுதல் பலம் எங்கிருந்து வருகிறது? நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட்டுக்கு மேல் தெரியாது. போடியில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். ‘‘புதுசா ஒண்ணும் வரல சார். 500 ரூபா நோட்டைக் குடுத்து அம்பது அம்பதா மாத்துற மாதிரி. நோட்டு நிறைய ஆகும். பணம் அதே பணம்தான்’’ என்றார்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் 5 ஹெச்.பி. மோட்டாரின் முறுக்குவிசை, சுமார் 25 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் இரண்டரை கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. 20-க்கு 1 கியர்பாக்ஸ் மாட்டினால் சுற்று 72 ஆகக் குறையும். தொங்குவது 50 கிலோவாகும். பவர் மட்டும் அதே 5 ஹெச்.பி. அதிலும் பற்களின் உராய்வு கொஞ்சம் கமிஷன் அடித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கை மறந்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஓர் ஏலக்காய் ஸ்டோரில், காய்ந்த காயை உரசிக் காம்பு நீக்கும் டிரம் இருந்தது. சீசன் அவசரத்தில், 10-க்கு 1 கியர்பாக்ஸ் மாற்றினார்கள். டிரம் இரட்டை வேகத்தில் சுற்றியது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் மோட்டார் காயில் கருகிவிட்டது! வேகம் இரண்டு மடங்கானதால் விசை பாதியாகிவிட்டது. டிரம்மோ பழைய விசையையே கேட்டது. ஈடுகட்ட மோட்டார் கூடுதல் கரன்ட்டை இழுத்தது, சூடேறியது, எரிந்தது.

மோட்டார் போனால் ரீவைண்டிங் செய்துகொள்ளலாம். மலையில் அப்படியில்லை. இறக்கத்தில் ‘டீசல் மிச்சம்’ என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிற்றைக் கலக்கும்!

ஏறும்போது எஞ்சினின் விசையைப் பெருக்கிச் சக்கரத்துக்குத் தருகிற அதே கியர்தான், இறங்கும்போது எஞ்சினின் எதிர்ப்பைப் பெருக்கிச் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. நியூட்ரலில் அந்தப் பிடி கிடையாது. மொத்தப் பாரமும் பிரேக் தலையில். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். அதற்குப்பிறகு மிதித்து என்ன பயன்? ‘ஏறுன கியர்லயே இறங்கு’ என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

சரி, டீசலாவது மிச்சமாகிறதா? அதுவும் இல்லை. இன்றைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே, எஞ்சினுக்கு எரிபொருள் போவது நின்றுவிடும். உருளும் சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் செலவாகும்.

ஆக, வரவே இல்லாத கணக்கு அது. செலவுப் பக்கத்தில் மட்டும் உயிர்கள். எந்த பி.காம். காரனும் அதில் கையெழுத்துப் போடமாட்டான். நீங்களும் போடாதீர்கள்!