படி எடுத்தால் போதுமா?

காத்து வைத்திருக்கிறோம் என்னும் நம்பிக்கை வேறு. காத்து வைத்தது வேண்டும்போது கைக்கு வந்து சேர்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை நம்மில் பலர் அளந்து பார்ப்பதில்லை. கட்டுரைகளையும் ஆய்வுத் தரவுகளையும் கணிப்பொறியில் சேர்க்கிறோம். அவற்றுக்கு ஒரு காப்புப் படியும் எடுக்கிறோம். 'வெற்றியுடன் முடிந்தது' என்று திரையில் ஒரு வரி தோன்றிவிட்டால், நிம்மதியாக உறங்கப் போகிறோம். அந்த ஒரு வரியை எவ்வளவு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். மாணவ நண்பர்கள் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தவன். வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே தமிழும் மலையாளமும், அரசு அலுவலகத்திலே பெரும்பாலும் மலையாளம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது, சித்தூர் வட்டத்துத் தமிழரும், இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் வாழ்ந்த தமிழரும் அம்மாநிலத்தவர் ஆயினர். எல்லையிலே வாழும் எங்களுக்குப் பாட்டும் பழமொழியும் கதையும் பெரும்பாலும் வாய்வழிச் செல்வங்களே. பாடுகிற வாய் ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும்.

மலைநாட்டிலே இழப்பு என்பது புதிய சொல்லன்று. 1924 ஜூலைப் பெருவெள்ளம் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. அந்தப் பாதை மீண்டும் போடப்படவே இல்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எத்தனையோ குடும்பங்கள் பட்டாவையும் சான்றிதழ்களையும் இழந்தன. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மறைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்.

வெள்ளத்தில் போன சான்றிதழ்களை அரசு மறுபடியும் வழங்கியது. எப்படி இயன்றது? அலுவலகத்தில் இன்னொரு பதிவு இருந்தது. கொழுந்து பறிக்கும் பாட்டியின் பாட்டுக்கு இன்னொரு பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது?

இந்தக் கேள்வியால் உந்தப்பட்டவர் என் நண்பர் ஒருவர். மூணாற்றுத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். விடுமுறை தோறும் ஊருக்குப் போய், முதிய பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் கைப்பேசியில் பதிவு செய்தார். 43 பாட்டுகள் சேர்ந்தன. மடிக்கணினியில் ஏற்றினார்; வாரம் ஒருமுறை வெளிவட்டு ஒன்றில் படியும் எடுத்தார். கைப்பேசியில் இடம் போதாமையால் அங்கிருந்தவற்றை அழித்துவிட்டார். கவலையற்றவர் என்று யாரும் அவரைக் குறை கூற முடியாது. சென்ற மழைக்காலத்தில் மடிக்கணினி நனைந்து பழுதாயிற்று. 'படி இருக்கிறதே' என்று அமைதியாகவே வந்தார். ஆய்வகக் கணிப்பொறி ஒன்றில் மீட்டெடுத்தோம். 'முடிந்தது' என்றது நிரல். எண்ணிப் பார்த்தோம்: 31 பாட்டுகளே இருந்தன. பன்னிரண்டைக் காணோம்!

இத்தகைய நேரத்தில் பதற்றமே முதற் பகை. மீண்டும் மீண்டும் முயன்று பார்ப்பதும், அதே வட்டில் புதிதாக எதையேனும் எழுதுவதும் இருப்பதையும் கெடுக்கும். ஆகவே வெளிவட்டை முழுமையாக வேறொரு வட்டுக்குப் படி எடுத்து, மூலத்தைத் தனியே வைத்துவிட்டோம். பிறகு நிரல் எழுதி வைத்திருந்த நிகழ்வுக் குறிப்பைத் திறந்தோம். 'முடிந்தது' என்னும் சொல்லுக்கு மேலே, யாரும் படிக்காத இடத்தில், எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. அவற்றுள் பத்து ஒரே செய்தியைச் சொல்லின: 'கோப்பின் பெயர் மிக நீளம்.'

நண்பர் ஒவ்வொரு கோப்புக்கும் பாட்டின் முதலடி, பாடியவர் பெயர், தோட்டம், டிவிஷன், நாள் அனைத்தையும் தமிழிலேயே பெயராக இட்டிருந்தார். விண்டோஸில் அது செல்லும். அங்கே ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடமுண்டு. தமிழ்க் குறியீடும் ஒன்றாகவே எண்ணப்படும். ஆய்வகத்திலிருந்ததோ லினக்ஸ். அங்கும் வரம்பு 255-தான். ஆனால் அது பைட்டுக் கணக்கு. யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணிப்பொறிக்கோ மெய்யின் புள்ளியும் இகரத்தின் குறியும் தனித்தனிக் குறியீடுகள். ஆக ஐந்து குறியீடு, 15 பைட்டு. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்தே பைட்டு. ஆகவே 85 குறியீட்டைத் தாண்டிய தமிழ்ப் பெயருக்கு அங்கே இடமில்லை. நிரல் அந்தப் பாட்டுகளை வாயிலிலேயே நிறுத்திவிட்டுத் தன் வேலை முடிந்ததென்று அறிவித்துவிட்டது.

அதே படியை விண்டோஸ் கணிப்பொறி ஒன்றில் மீட்டோம். பத்துப் பாட்டுகளும் பழுதின்றி வந்தன. நண்பர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றிற்று. ஆனால் இரண்டு எஞ்சின. அவற்றின் கோப்புகள் அரைகுறையாகவே இருந்தன. கைப்பேசியிலிருந்து அவை மடிக்கணினிக்கு இறங்கி முடியும் முன்பே காப்பு நிரல் படி எடுத்திருக்கிறது. பாதிக் கோப்பைப் பாதியாகவே பத்திரப்படுத்தியிருக்கிறது. அடுத்த வாரப் படி அதைச் சரி செய்திருக்கும். அதற்குள் மழை முந்திக்கொண்டது. இரண்டனுள் ஒன்றை அவர் முன்னமே தம் தமக்கைக்குக் கைப்பேசிவழி அனுப்பியிருந்தார். அது முழுமையாகக் கிடைத்தது. மற்றொன்று ஓர் ஒப்பாரி. தொடக்கம் மட்டுமே கேட்கிறது, பிறகு அமைதி. அதைப் பாடிய மூதாட்டியும் அதற்குள் காலமாகிவிட்டார். 42 கிடைத்தன என்று மகிழ்வதா, ஒன்று போயிற்றே என்று வருந்துவதா? நண்பர் அந்தச் சில நொடிகளை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

இது எளியவர்க்கு மட்டும் நேர்வதன்று. 2017 ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் தரவுத்தளம் ஒன்று தவறுதலாக அழிக்கப்பட்டது. ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றும் நம்பியபடி கைகொடுக்கவில்லை. நிரலின் பதிப்புகள் பொருந்தாமையால், நாள்தோறும் எடுக்கப்பட்டதாக எண்ணிய படிகள் எடுக்கப்படவே இல்லை. அந்தத் தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு வேறொரு காரியத்துக்காக எடுத்திருந்த படியே கடைசியில் உதவிற்று. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், காப்பு நிரலில் நேர்ந்த பிழையே ஏறத்தாழ 77 டெராபைட்டு ஆய்வுக் கோப்புகளை அழித்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

ஏட்டுச்சுவடிக் காலத்திலே நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். ஓலை செல்லரிக்கும், ஆகவே படியெடுத்தார்கள். அதோடு, எடுத்த படியை மூலத்தோடு ஒப்பு நோக்கினார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரு சுவடியை மட்டும் நம்பிவிடவில்லை. பல இடங்களிலிருந்து சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் கிடைக்கும் என்பதே அந்த உழைப்பின் அடிப்படை. இன்று நாம் படியெடுக்கும் வேகத்தைக் கற்றுக்கொண்டோம். ஒப்பு நோக்கும் பொறுமையைக் கைவிட்டோம்.

நாம் செய்ய வேண்டுவன அரியன அல்ல. மூன்று படிகள் வேண்டும்; அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும்; ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும். இணையக் கிடங்கோடு ஒத்திசைப்பது மட்டும் காப்பு ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். கோப்புக்குச் சிறிய பெயரும் எண்ணும் இடுங்கள். பாடியவர், ஊர், நாள் முதலிய விவரங்களைத் தனிப் பட்டியலில் தமிழிலேயே எழுதி, அதையும் உடன் வையுங்கள். படிக்குப் பூட்டுச்சொல் இட்டிருந்தால் அதை வட்டில் மட்டுமன்றித் தாளிலும் குறித்து வையுங்கள். திறவுகோல் தொலைந்த பெட்டியால் யாருக்குப் பயன்?

எல்லாவற்றுக்கும் மேலாக, பருவத்துக்கு ஒருமுறையேனும் மீட்டுப் பாருங்கள். அதுவும் உங்கள் கணிப்பொறியிலேயே அன்று; நண்பர் ஒருவருடையதில், வேறு இயங்குதளத்தில். எத்தனை வைத்தோம், எத்தனை வந்தன என்று எண்ணுங்கள். எச்சரிக்கைகளைப் படியுங்கள். ஒலியாயின் இறுதிவரை கேளுங்கள். தொடக்கம் ஒலிப்பதால் முழுவதும் இருக்கிறதென்று கொள்ளாதீர்கள்.

விடுமுறை நெருங்குகிறது. நம்மில் சிலர் மூணாற்றுக்கும், சிலர் சித்தூருக்கும், சிலர் கடல் கடந்தும் போவோம். அங்கே ஒரு பாட்டியின் பாட்டை, ஒரு தாத்தாவின் கதையைப் பதிவு செய்வோரும் இருப்பர். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. ஊரை விட்டுப் புறப்படும் முன், எடுத்த படியை வேறொரு கருவியில் திறந்து, பாடியவர் அருகிலேயே அமர்ந்து முழுதும் கேளுங்கள். எங்கேனும் குறை இருந்தால், மறுமுறை பாடித் தர அவர் அங்கே இருப்பார்.